அவருக்காக நான் ஏறிப் படுத்த கட்டில்

நான் ஆண்டவரிடம் கேட்டது ஒன்று, அவர் கொடுத்தது இரண்டு. அதைச் சாட்சியாகச் சொல்லத்தான் இன்று சபையில் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச நாட்கள். என் வீட்டுக்காரர் தேவசகாயம் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊர் டாக்டர், "திருவள்ளூர் ஆஸ்பத்திரியில ஈ.சி.ஜி. மிஷின் வந்திருக்கு. அதுல எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். இவர் போய்விட்டால் நாங்கள் நடுத்தெருவில்தான்.

இந்த மனுஷனோ வரவே மாட்டேன் என்றார். முன்பு மில்லில் மோட்டார் ஒயர் பட்டுக் கரண்டு அடித்து, கூட வேலை செய்தவர் இவர் கண்ணெதிரிலேயே செத்துப்போனார். அதிலிருந்து சுவிட்சைக்கூடத் தொட மாட்டார்.

"நெஞ்சுல ஒயரு வெக்கிறாங்களாமே! ஊட்லயே சாவறேன், வுடும்மே."

நான் விடுவேனா? அழுது, சண்டை போட்டு, பஸ்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம் ஒரே ஜெபம். "ஆண்டவரே, இவரை அந்தக் கட்டிலில் படுக்க வையும், அது போதும்."

ஆஸ்பத்திரி என்றால் வராந்தாவில் கிடந்து திட்டு வாங்குவதுதான் எங்களுக்குத் தெரியும். இங்கே டாக்டரம்மா எழுந்து வந்து, "உக்காருங்கய்யா" என்றார். சுத்தமான அறை, மறைப்புக்குத் திரை, வெள்ளைத் துணி விரித்த கட்டில். பக்கத்தில் மிஷின், ஒரு சின்ன டிரங்குப் பெட்டி அளவுதான். அம்மாடி, இதுவா நெஞ்சுக்குள்ளே இருப்பதைச் சொல்லப்போகிறது என்று வாயைப் பிளந்தேன். இவர் ஒயர்களைப் பார்த்ததும் வாசலுக்கே போய்விட்டார்.

"ஐயா, இது கரண்டு குடுக்காது. உங்க நெஞ்சு துடிக்கிறத எழுதிக் காட்டும், அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவீங்க!"

எனக்கு வந்ததே கோபம்! "அம்மா, மொதல்ல எனுக்கு வைங்க. நான் செத்தா இவரு ஊட்டுக்குப் போவட்டும்" என்று ஏறிப் படுத்துவிட்டேன்.

அங்கே இருந்த நர்ஸ் சிஸ்டர் திரையை இழுத்தார். கைகாலில் கட்டும் தகடுகள் இரும்பு, சில்லென்று இருக்கும். அவற்றை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித்தான் எனக்கு வைத்தார். அந்த ஒன்றுக்கே கண் கலங்கிவிட்டது. ஊசி இல்லை, வலி இல்லை. காகிதத்தில் கோடு சரசரவென்று ஓடியது.

"பாத்தியா, நான் சாவல!" என்று திரைக்கு வெளியே நின்றவரிடம் கத்தினேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. காகிதத்தையே பார்த்தார். "தண்ணி தூக்கினா மூச்சு வாங்குதாம்மா?" என்றார். வாங்கும். இருமலும் உண்டு. அடுப்புப் புகை என்றே நினைத்திருந்தேன்.

"உங்க நெஞ்சு தாளம் தப்பித் துடிக்குது. வால்வு சுருங்கியிருக்கும்போல. நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது."

திரையை விலக்கிக்கொண்டு இவர் உள்ளே வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. நான் இறங்கியதும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தானே கட்டிலில் படுத்தார்.

"எனுக்கும் எடுங்கம்மா. இவுளுக்கு ஒண்ணுன்னா பாத்துக்க நான் இருக்கணுமே."

ஜெபம் கேட்கப்பட்டது, பார்த்தீர்களா! இவருக்கு இருந்தது மூட்டை தூக்கிய சுளுக்குதான், இருதயம் நன்றாக இருந்தது. எனக்கு மெட்ராசில் ஆபரேஷன் நடந்தது. என் பெண்கள் தாயில்லாப் பிள்ளைகள் ஆகவில்லை. கர்த்தருக்கு நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவே இல்லை.

பயந்துகொண்டு வீட்டில் முடங்கிக் கிடப்பவர்களே, கர்த்தரை நம்பி ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டுப் பஸ் ஏறுங்கள். மிஷின் கண்டுபிடித்தவருக்கு அறிவு கொடுத்ததும் அவர்தான், அந்த சிஸ்டருக்கு மனசு கொடுத்ததும் அவர்தான்.

இப்போதும் நான் சோதனைக்குப் போனால் இவரும் கூடவே வருவார். ஒயர் என்றால் ஓடிய மனுஷன், சிஸ்டரிடமிருந்து தகடுகளை வாங்கித் தன் கையாலேயே தேய்த்துச் சூடாக்குவார்.

"சில்லுனு இல்ல, படுத்துக்கம்மே" என்பார்.