பழுக்காத அத்தியும் கண்ணாடிக் கடைக்காரியும்

கண்ணாடிக் கடையில் அவளுக்கு 'ஏன்' என்று பட்டப்பெயர். ஃபிரேமில் லென்ஸ் பொருத்துவதும் கழன்ற திருகை மாட்டுவதும் அவள் வேலை. கை வேலையில் இருக்கும்போதே, ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் ஏறுவது ஏன், நாற்பதைத் தாண்டினால் எழுத்து மங்குவது ஏன் என்று முதலாளியைக் குடைந்துகொண்டே இருப்பாள். பாதிக் கேள்விக்கு அவர் பதில் சொல்வார். மீதிக்குத் தேநீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

அவளும் கணவனும் மாமனாரும் குடியிருந்த வாடகை வீட்டின் பின்பக்கம் ஓர் அத்திமரம் நின்றது. முன்பு குடியிருந்த யாரோ வைத்தது. வருடா வருடம் கிளை கொள்ளாமல் காய்க்கும். கோலிக்குண்டு அளவுக்கு வந்ததும் காயெல்லாம் மஞ்சளித்துச் சுருங்கிக் கொட்டிவிடும். ஒன்றுகூடப் பழுத்ததில்லை.

இதில் மாமனாருக்குத்தான் மனத்தாங்கல் அதிகம். அவருக்குத் தீராத மலச்சிக்கல். உலர்ந்த அத்திப்பழத்தை இரவே ஊறவைத்து, காலையில் அதைத் தின்று, அந்தத் தண்ணீரையும் குடித்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

"மரத்தைப் பின்னால வச்சுக்கிட்டு கடையில வாங்கித் திங்கிறேன். இது காய்க்கிறதுக்கு நிக்குதா, என்னைக் கிண்டல் பண்ண நிக்குதா?" என்பார்.

பஸ் ஓட்டுநரான கணவனுக்கு அந்த மரத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு கோடையில் துணிக்கொடியை இடித்த கிளையை வெட்டினான். அரைக்கைச் சட்டை, உச்சி வெயில். வெட்டிய இடத்திலிருந்து பால் வடிந்து முழங்கை வரை வழிந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு வேலையை முடித்தான். மறுநாள் கை சிவந்து எரிந்தது, அதற்கு மறுநாள் கொப்புளம் கிளம்பியது. அத்திப்பால் பட்ட தோலில் வெயிலும் சேர்ந்தால் இப்படித்தான் வெந்துபோகும் என்று மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். ஸ்டீயரிங் பிடிக்க முடியாமல் விடுப்பில் உட்கார்ந்தவனுக்கு மரத்தைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வெட்டிடலாம்."

"ஏன் உதிருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வெட்டலாங்க."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

"முதல்ல தெரிஞ்சுக்கறேனே."

உதிர்ந்த காய்கள் சிலவற்றைக் கடைக்கு எடுத்துப் போனாள். ஒன்றைப் பிளேடால் இரண்டாகப் பிளந்து, திருகு பார்க்கும் உருப்பெருக்கியின் அடியில் வைத்தாள். உள்ளே விதை இல்லை. சுவரெங்கும் மெல்லிய நூல் நூலாய் என்னவோ நெருக்கியடித்து நின்றது. கண்ணாடிக்கு மூக்குத்தாங்கி மாற்ற வந்திருந்த பேராசிரியை ஒருவர், கல்லூரியில் தாவரவியல் நடத்துபவர், எட்டிப் பார்த்தார்.

"அதெல்லாம் பூ" என்றார்.

எப்போதோ ஒருமுறை வருபவரை 'அத்தி பூத்த மாதிரி' என்கிறோமே, அந்தப் பூ. காய் என்று நாம் நினைப்பதற்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பூத்து, யார் கண்ணிலும் படாமல் முடிந்துபோகிறது.

"அப்போ ஏன் மேடம் பழுக்கல?"

"சில வகை அத்திக்கு ஆண் மரத்து மகரந்தம் வேணும். அதைக் கொண்டுவர்றது கொசுவைவிடச் சின்னதா ஒரு குளவி. ஆண் மரத்துக் காய்க்குள்ளதான் அது பிறக்கும். ஆண் மரம் பக்கத்துல இல்லேன்னா காய் உதிர்ந்துடும்."

"ஆண் மரம் எப்படி இருக்கும்?"

"இதே இலைதான். காய் மட்டும் வெறும் சக்கை. யாராவது திட்டிக்கிட்டே வச்சிருப்பாங்க."

அன்றிலிருந்து அவள் திட்டு வாங்கும் மரத்தைத் தேடினாள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தாள். கணவனும் கை ஆறி வேலைக்குத் திரும்பியபின், வேண்டாவெறுப்பாக பஸ் போகும் வழியில் சுவர்களுக்கு மேலே ஒரு கண் வைத்தான். கடைசியில் அவன்தான் கண்டுபிடித்தான். ஒரு சலவைக்கடையின் பின்னால், கரி படிந்த சுவரோரம் நின்றது.

"தின்னவும் ஆகாது, துணி காயவும் விடாது. வேணும்னா வேரோட எடுத்துட்டுப் போம்மா" என்றார் சலவைக்காரர்.

"காய் மட்டும் போதும் அண்ணே. மரத்தை மட்டும் வெட்டிடாதீங்க."

அடுத்த கோடையில் ஆண் மரத்துக் காய்கள் மெத்தென்று ஆனதும் ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பாதி வழியிலேயே பைக்குள்ளிருந்து கறுப்புப் புள்ளிகள் போலப் பூச்சிகள் கிளம்பிவிட்டன. பக்கத்து இருக்கைப் பெண் கைக்குட்டையை வீசிக்கொண்டே எழுந்து போனாள். வீடு வந்தபோது பைக்குள் ஒரு பூச்சிகூட மிச்சமில்லை. மறுமுறை வெயில் ஏறுமுன் போய், மூடியில் பொடித் துளை போட்ட டப்பாவில் எடுத்து வந்தாள். பாதி ஃபிரேம் கண்ணாடியில் லென்ஸைப் பிடித்து நிறுத்தும் நைலான் நூலில் காய்களைக் கோத்து, கையுறை மாட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, தன் மரத்தின் கிளைகளில் தொங்கவிட்டாள்.

சில நாள் கழித்து தன் மரத்துக் காய் ஒன்றைப் பறித்து உருப்பெருக்கியில் பார்த்தாள். அடியில் இருந்த ஊசிமுனைத் துளையில், கண்ணாடித் துணுக்கு போல இரண்டு இறக்கைகள் ஒட்டியிருந்தன. அவ்வளவு இறுக்கமான வழி. குளவி நுழையும்போதே இறக்கையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. அன்று முதலாளியிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. அவரே கவலைப்பட்டு, "உடம்பு சரியில்லையா?" என்றார்.

அந்த வருடம் காய் உதிரவில்லை. பருத்து, நிறம் மாறி, கழுத்து தளர்ந்து தொங்கியது. முதல் பழங்களை மூவரும் பின்வாசலில் நின்றபடி தின்றார்கள். தேன் ஊறியது போல இருந்தது. கணவன் பாதியில் நிறுத்தினான்.

"ஆமா, உள்ள போன பூச்சி வெளிய வந்துச்சா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "இல்ல."

அவன் கையிலிருந்ததைப் பார்த்தான்.

"பழத்துல இருக்கற ஒரு சத்து அதைக் கரைச்சிடுமாம். மேடம் சொன்னாங்க. நானும் பிளந்து பிளந்து தேடிட்டேன், ஒண்ணும் தெரியல."

"கடையில வாங்கற பழத்துலயும் அப்படித்தானா?" என்றார் மாமனார்.

"சில வகையில அப்படித்தான் மாமா. பூச்சியே வேண்டாத வகையும் இருக்கு."

"இத்தனை வருஷமா எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று அவர் இன்னொன்றை எடுத்தார். அன்று அவர் எத்தனை தின்றார் என்று யாரும் பார்க்கவில்லை. மறுநாள் முழுக்கக் குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். இரண்டு மூன்றுக்கு மேல் கூடாது, சர்க்கரையும் ஏறும் என்று மருத்துவர் கண்டித்த பிறகுதான் அடங்கினார்.

கணவன் ஒரு வாரம் தொடவில்லை. பிறகு ஒவ்வொரு பழத்தையும் பிளந்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்னத் தொடங்கினான்.

ஒரு கூடைப் பழத்தைச் சலவைக்காரரிடம் கொண்டு போனாள். அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, தன் மரத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுல இவனுக்கும் பங்கு இருக்குன்றீங்க."

"இவன் இல்லேன்னா ஒண்ணுமே இல்ல அண்ணே."

"அப்போ உங்க மரத்துல ஒரு குச்சி ஒடிச்சுக் குடுங்க. இங்கயே பக்கத்துல நட்டுடறேன். பூச்சிக்கு எதுக்கு பஸ் சார்ஜ்?"

நட்ட குச்சி வேர் பிடித்துவிட்டது. இப்போது இடுப்பளவு நிற்கிறது, இன்னும் காய்க்கவில்லை. விடுமுறையில் அந்தப் பக்கம் போனால் அவள் இலையைப் புரட்டிப் பார்ப்பாள். இருட்டான காய்க்குள் பிறந்து, வெளியே வந்த அன்றே அந்தப் பூச்சி இன்னொரு மரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. வாசனைதான் வழிகாட்டுகிறது என்றார் பேராசிரியை. அது என்ன வாசனை என்று, தன் மரத்துக் காயை மூக்கருகே பிடித்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.