நிரூபணம் உள்ள புத்தகம்

செக்காலை ரோட்டில் என் பெயிண்ட் கடையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு புத்தகக் கடை இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகங்களும் கைடுகளும்தான் அங்கே ஓடும். ஒரு நாள் அங்கே போய், கேம் தியரிக்கு, அதாவது ஆட்டக் கோட்பாட்டுக்கு, நிரூபணங்களோடு ஒரு கணிதப் புத்தகம் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே தேடி, தூசி தட்டி, உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கான கைடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கபடி மைதானத்தின் நீள அகலம் அதில் படத்தோடு இருந்தது. கணக்கும் இருக்கிறது பாருங்கள் என்று அந்தப் பக்கத்தையே விரித்துக் காட்டினார். அவரை என்ன சொல்வது? பெயிண்ட் விற்கிறவன் ஐம்பது வயதுக்கு மேல் இதைத் தேடி வருவான் என்று யார்தான் நினைப்பார்கள்.

என்னைத் தேட வைத்தவன் என் தம்பி. கானாடுகாத்தானில் எங்களுக்கு ஒரு பொது வீடு பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் நாலு பேர்: நான், சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தம்பி, சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பச்சி மகன், எங்கள் எல்லாருக்கும் மூத்தவரான பெரியப்பச்சி மகன். அவரைப் பெரியண்ணன் என்போம்; அப்பாவை எங்கள் பக்கம் அப்பச்சி என்போம். அந்த வீட்டின் மேல் எனக்குப் பெரிய பாசம் எதுவும் கிடையாது. வௌவாலுக்குக் காவல் இருப்பதில் என்ன பெருமை? ஓட்டல் நடத்துகிற ஒருவர் குத்தகைக்குக் கேட்டு வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. நாலு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பத்திரம் செல்லும். வருவது நாலு பேருக்கும் சமம். ஆனால் ஒருவரும் போடவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று மாதங்கள் ஓடின.

அந்தச் சமயத்தில் தம்பி விமானத்தில் ஏதோ ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும், அதாவது எனக்கும் சிங்கப்பூர்க்காரனுக்கும், நீளமாக ஒரு குரல்பதிவு அனுப்பினான். இரண்டு கைதிகள், தனித்தனி அறை, ஒருவன் மற்றவனைக் காட்டிக்கொடுத்தால் அவனுக்கு லாபம். அதனால் இருவரும் காட்டிக்கொடுத்து இருவருமே கெடுவார்கள். நம் வீட்டுக் கதையும் இதேதான் என்றான். மற்றவர்கள் போட்டு முடித்த பிறகு கடைசியாகப் போடுகிறவர் கூடுதலாகக் கேட்கலாம், பெரியண்ணன் அதற்குத்தான் காத்திருக்கிறார் என்று முடித்தான். கேட்பதற்குக் கச்சிதமாக இருந்தது. சிங்கப்பூர்க்காரன் உடனே ஆமாம் போட்டான். எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பட்டது.

ஆனாலும் விமானத்தில் படித்த சாஸ்திரத்தை அப்படியே விழுங்க மனசு வரவில்லை. நானும் ஒரு காலத்தில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவன். அப்பச்சி கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மேலே படிக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் உள்ளே இருக்கிறது. தம்பி தன் புத்தகத்தை எனக்கே அனுப்பிவைத்தான். அட்டையிலேயே ‘கணக்குப் பயம் வேண்டாம்’ என்ற மாதிரி ஒரு வாக்குறுதி. பருப்புப் போடாத சாம்பாரை ஒருவன் பெருமையாகப் பரிமாறினால் எப்படி இருக்கும்? ஒரே மதியத்தில் கல்லாவில் உட்கார்ந்தபடி முடித்துவிட்டேன். கைதிகள் படம் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தேன். எனக்கென்று ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். எந்த ஆட்டத்திலும், ஆட்டக்காரர்களும் அவர்கள் செய்யக்கூடியவையும் எண்ணிக்கைக்குள் அடங்கினால், யாரும் தான் மட்டும் மாறி லாபம் பார்க்க முடியாத ஒரு நிலை, ஒரு சமநிலை, குறைந்தது ஒன்றாவது உண்டு என்பதுதான் இந்தத் துறையின் பெரிய தேற்றம். புத்தகத்தைத் திறந்ததும் நேராக அங்கே போவேன். நிரூபணம் முழுதாக இருக்கிறதா, இல்லை ‘இது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது’ என்று கைகழுவியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். பொருளாதார மாணவர்களுக்கான தடிமனான புத்தகம் ஒன்று கைகழுவியது. இன்னொன்று நிரூபணத்தைப் பின்னிணைப்பில் தள்ளி, அதிலும் பாதியை வாசகரிடமே விட்டிருந்தது. மாதிரிப் பக்கங்களை இறக்கி, கடைக்கு வரும் மேஸ்திரிகளுக்கு நிறம் கலந்து கொடுக்கிற இடைவெளியில் படித்துப் படித்துத் தள்ளினேன். இதிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் போனது.

அதற்குள் படைப்பு வந்தது. முன்னோருக்குப் படையல் போட்டுப் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. சாப்பாட்டுப் பந்தியில் தம்பி பெரியண்ணனிடம் சிரித்துக்கொண்டே, "அண்ணே, நீங்க பெரிய ஆட்டக்காரரா இருக்கீக," என்றான். பெரியண்ணன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். யாரும் எதுவும் விளக்கவில்லை. மோருக்குக் காத்திருக்காமல் இலையை மடித்துவிட்டு எழுந்தார். கொஞ்ச நாளில் ஓட்டல்காரர் அதே ஊரில் வேறொரு வீட்டை எடுத்துக்கொண்டார். அடுத்த படைப்புக்குப் பெரியண்ணன் வரவில்லை. படைப்புச் செலவுக்கான அவர் பங்குப் பணம் மட்டும் யார் கையிலோ வந்து சேர்ந்தது.

நான் தேடிய புத்தகம் அதற்குப் பிறகுதான் கூரியரில் வந்தது. படமே கிடையாது. வரையறை, துணைத்தேற்றம், தேற்றம், பயிற்சி. வாசகரிடம் கொஞ்சம் கணித முதிர்ச்சி இருந்தால் போதும் என்று முன்னுரையில் அடக்கமாகப் போட்டிருந்தார்கள். என்னிடம் முதிர்ந்தது தலைமுடி மட்டும்தான். கணங்கள், குவிவு, தொடர்ச்சி என்று மறந்துபோன எல்லாவற்றையும் முதலிலிருந்து தொட வேண்டியிருந்தது. பெரிய தேற்றத்தின் நிரூபணம் நிலைப்புள்ளி என்ற ஒன்றில் போய் நின்றது. எங்கள் சமூகத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. கோயில் கணக்கிலும் பங்காளிக் கணக்கிலும் அப்படித்தான் வைப்போம். இதை என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அப்படியானால் பாதிப் புள்ளியை அடுப்படியில் விட்டுவிட்டு மீதிப் பாதி மட்டும் படித்தால் எப்படிப் புரியும் என்று கேட்டாள்.

முதல் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு பயிற்சி. தனக்குத் தெரிந்த ஒரு தகராறை எடுத்துக்கொண்டு அதை ஆட்டமாக எழுத வேண்டும்: யார் யார் ஆடுகிறார்கள், ஒவ்வொருவரும் என்னென்ன செய்யலாம், எந்த முடிவு யாருக்கு எதைவிடப் பிடிக்கும். மூன்றாவதை ஊகிக்கக் கூடாது, காரணம் காட்ட வேண்டும் என்று ஒரு குறிப்பும் இருந்தது. எனக்குத் தெரிந்த தகராறு எது? எங்கள் வீட்டையே எடுத்தேன். முதல் இரண்டும் உடனே முடிந்தன. மூன்றாவதற்கு, ஓட்டல்காரர் கேட்டு வந்த அன்று யார் என்ன சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாருக்கும் சரி என்றால் எனக்கும் சரி என்று நான் சொன்னேன். தம்பியும் அதையே சொன்னான், சிங்கப்பூர்க்காரனும் அதையே சொன்னான். தம்பிமார் என்ன சொல்கிறார்களோ அதுதான் என்று பெரியண்ணன் சொன்னார். கூடுதலாக ஒன்றும் அவர் கேட்கவில்லை. அவர் கேட்கப்போகிறார் என்று நாங்கள்தான் பேசிக்கொண்டோம்.

பேனாவை வைத்துவிட்டேன். கைதிகளின் கதையில் மற்றவன் வாய் திறக்காவிட்டாலும் காட்டிக்கொடுப்பவனுக்கு லாபம் உண்டு. எங்கள் ஆட்டத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட்ட பிறகு நாலாவது ஆள் போடாமல் இருந்தால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. எல்லாரும் போடுவது ஒரு சமநிலை. ஒருவருமே போடாமல் இருப்பதும் ஒரு சமநிலைதான், ஏனென்றால் தனியாக ஒருவர் போட்டு எதுவும் மாறாது. நாங்கள் இரண்டாவதில் உட்கார்ந்திருந்தோம். பேராசையால் அல்ல, மரியாதையால். மூத்தவருக்கு முன்னால் இளையவன் கையெழுத்துப் போட்டால் முந்திக்கொண்டான் என்பார்கள். இளையவர்களைக் கேட்காமல் மூத்தவர் போட்டால் அதிகாரம் பண்ணினார் என்பார்கள். நாலு பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டு ஒருவரும் நடக்கவில்லை. படம் போட்ட புத்தகம் இதற்குத் தவறான பெயரைக் கொடுத்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு மனுஷனைக் களவாணி ஆக்கினோம். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமில்லை.

மறுநாளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அரியக்குடிக்குப் போனேன். பெருமாள் கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் பெரியண்ணன் தனியாக இருக்கிறார். கதவைத் திறந்து, வாப்பா என்றார். அவர் கையாலேயே காப்பி போட்டுக் கொடுத்தார். நான் கைதிகளிலிருந்து ஆரம்பித்து, தம்பியின் குரல்பதிவு, பந்தியில் சொன்ன ஆட்டக்காரர் என்ற பேச்சு, இரண்டு சமநிலை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"நான் வேணாம்னு எப்பப்பா சொன்னேன்?" என்றார். "ஒருத்தரும் என்னையக் கேக்கலையே."

தப்பு எங்கள் எல்லார் மேலும்தான் என்றேன். அது போகட்டும், வீடு போனால் போகிறது என்றார். இந்த வருஷம் படைப்புக்கு அவசியம் வர வேண்டும், நானே வந்து கூட்டிப் போகிறேன் என்றேன். முழங்கால் வலியைச் சொன்னார், பந்தியில் உட்கார முடியவில்லை என்றார். பங்கை அனுப்பிவிடுகிறேன், அதில் குறை வைக்க மாட்டேன் என்றார். மேசை நாற்காலி போடச் சொல்கிறேன் என்றேன். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

நான் செருப்பை மாட்டும்போது வாசலுக்கு வந்தார். நிசமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், குத்திக்காட்டுகிற குரல் இல்லை.

"அந்தப் புத்தகத்துல ஆடுறவுக ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறதே கிடையாதாப்பா?"

"இருக்குண்ணே. பின்பாதியில வருது," என்றேன். "நான் இன்னும் அங்குட்டுப் போகலை."