முப்பத்திரண்டு கேள்விகளும் ஒரு மச்சமும்

1. மஞ்சள் கார்டு

பீளமேட்டு மில்களைத் தாண்டி அவிநாசி ரோட்டில் இருந்த ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் பதினெட்டு வருஷம் கம்பவுண்டராக வேலை பார்த்தேன். இன்று முகத்துக்கென்றே தனி ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன. அங்கே வேலைக்குச் சேரும் பிள்ளைகள் 'கன்சல்டேஷன்' என்ற வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். நான் அதை முதலில் கேட்டது ஐம்பதுகளின் கடைசியில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில். அப்போது எனக்கு மிக்சர் கலக்கவும் களிம்பு அரைக்கவும் மட்டும்தான் தெரியும்.

டாக்டர் மெட்ராஸ்காரர். லண்டனில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். அந்த ஆறு மாதம் அவர் பேச்சில் ஆறு வருஷமாக நீளும். "ரங்கசாமி, பாதி வைத்தியம் பேச்சுலதான் இருக்கு. இங்க ஒவ்வொரு பேஷன்டுக்கும் முறையா கன்சல்டேஷன் நடக்கணும்" என்று சொல்லி ஒரு கட்டு மஞ்சள் கார்டுகளை என் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டு கேள்விகள் அச்சாகியிருந்தன. காபி குடிப்பவரா, டீ குடிப்பவரா. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது எந்தக் கிழமை. தாத்தாவுக்கு இளைப்பு உண்டா. கேட்டு எழுதுவது என் வேலை. அதன் பிறகு டாக்டர் பத்து நிமிஷம் பேசுவார். நோயாளி கேட்டுக்கொள்வார். இதற்குப் பெயர்தான் கன்சல்டேஷன் என்று வெகுநாள் நானும் நம்பினேன்.

கேள்விகளை என்னிடம் விட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. டாக்டர் பேச்சில் 'ங்க' கிடையாது. அவர் "உட்காரு" என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். என்ன தப்புச் செய்தோம் என்று அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்த்து, நான் உள்ளே புகுந்து இரண்டு 'ங்க' போட்டு உட்கார வைப்பேன்.

அந்தக் காலத்தில் தோல் டாக்டர் என்றால் மேகநோய் மாதிரி பால்வினை நோய்களுக்கும் அவர்தான். ஆகையால் கௌரவமான குடும்பத்தார் முன்வாசல் வழியாக வரமாட்டார்கள். போர்டைப் பார்த்தால் பஸ்ஸில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பயம். டாக்டர் போர்டை மாற்றி, 'முகப் பொலிவு, மரு, மச்சம்' என்று பெரிய எழுத்தில் எழுதிப் போட்டார். மற்றது கீழே பொடி எழுத்துக்குப் போனது. அதன் பிறகு குடும்பம் குடும்பமாக முன்வாசல் வழியாகவே வந்தார்கள். எங்கள் கஷ்டமும் அதோடு கூடவே வந்தது.

2. மாமன் சொன்ன பதில்கள்

கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டக்காரர் குடும்பம். பெண்ணின் பெயர் நாகமணி, வயது இருபது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, வாத்தியார் ட்ரெயினிங்கும் முடித்திருந்தாள். இடது கன்னத்தில் மிளகு அளவுக்குச் சற்றே மேடான கறுப்பு மச்சம். கூட வந்தது அம்மாவும், அம்மாவின் அண்ணனும். அந்த வீட்டில் மாமன் வைத்ததுதான் சட்டம் என்பது அவர் நாற்காலியை இழுத்துப் போட்ட விதத்திலேயே தெரிந்தது.

நான் கார்டை எடுத்தேன். வயது என்ன என்று பெண்ணைக் கேட்டேன். மாமன் சொன்னார். அரிப்பு உண்டா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று மாமன் சொன்னார், தனக்கே அரிப்பு இல்லை என்பதுபோல. பத்தொன்பதாவது கேள்வி மாதவிலக்கைப் பற்றியது. மாமன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, தங்கை பக்கம் கையைக் காட்டினார். "எல்லாம் செரியா இருக்குதுங்க" என்று அம்மா முடித்து வைத்தாள். முப்பத்திரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. கன்னத்துக்குச் சொந்தக்காரி வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது வினோதமாகவும் படவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

விஷயம் இதுதான். அவிநாசியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அக்கா, எங்கே திரும்பினாலும் மச்சம்தான் கண்ணில் படுகிறது என்று சொல்லிவிட்டாள். மாமன் டாக்டரிடம் சொன்னார்: "புள்ளை லட்சணந்தானுங்க. அந்த மச்சத்தைய மட்டும் எடுத்துப்போட்டீங்கன்னா, வர்ற முகூர்த்தத்துலயே முடிச்சுப்போடலாமுங்க."

டாக்டருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த தோலின் படத்தை ஒரு குச்சியால் தட்டித் தட்டி, மேல் அடுக்கு, கீழ் அடுக்கு, சுட்டு எடுக்கும் காட்டரி எதுவரை போகும், தழும்பு எப்படி ஆறும் என்று விளக்கினார். கைக்கண்ணாடியை நீட்டி, பார்த்துக்கொள்ளச் சொன்னார். நடுவில் உட்கார்ந்திருந்த மாமன் அதை வாங்கித் தன் மீசையைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்போது நாகமணி மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, எம்பட எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்துல..."

"செத்த சும்மா இரு அம்மணி. டாக்டரு பேசீட்டு இருக்காருல்ல" என்றாள் அம்மா.

டாக்டர் பேசிக்கொண்டுதான் இருந்தார். பேசி முடித்ததும், சம்மதம்தானே என்று கேட்டார். மாமன் சரிங்க என்றார். அம்மா சரிங்க என்றாள். பெண்ணும் சரிங்க என்றாள். டாக்டர் பெருமையாக என்னைப் பார்த்தார். பெரியவர் முகத்துக்கு நேராக மறுத்துப் பேசுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை என்றும், அந்தச் சரிங்கவை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்றும் நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். நான் அடுத்த கார்டை எடுத்தேன்.

புதன்கிழமை மரத்துப்போக ஊசி போட்டுக் காட்டரி வைத்தார்கள். கால்மணி நேர வேலை. பத்து நாளில் பொருக்கு உதிர்ந்தது. இவ்வளவு சுத்தமாக லண்டனில்கூடச் செய்ததில்லை என்று டாக்டர் சொன்னார்.

3. கன்னம் எங்கே

மூன்று வாரம் கழித்து மாமன் மூச்சிரைக்க வந்தார். பின்னால் நாகமணி, கையில் ஒரு காக்கி உறையோடு. ஜில்லாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக அவளுக்கு ஆர்டர் வந்திருந்தது. வேலையில் சேர ஜில்லா கல்வி ஆபீசுக்குப் போன இடத்தில், மானேஜர் எஸ்.எஸ்.எல்.சி. சான்றுப் புத்தகத்தைத் திறந்து அங்க அடையாளம் பார்த்திருக்கிறார். அந்தப் புத்தகத்தில் போட்டோ கிடையாது. ஆள் இவர்தான் என்பதற்கு இரண்டே அடையாளங்கள். ஒன்று, இடது கன்னத்தில் கறுப்பு மச்சம். இரண்டு, வலது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு.

மானேஜர் புத்தகத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். எடுத்துவிட்டோம் என்று மாமன் சொல்ல, அவர் மரியாதையாகவே கேட்டாராம்: "எடுத்துட்டீங்க, செரிங்க. இந்த அம்மணிதான் அந்த அம்மணின்னு நான் எதைய வெச்சு எழுதறதுங்க?" வருகிற சனிக்கிழமைக்குள் அத்தாட்சி கொண்டுவராவிட்டால் லிஸ்டில் அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும் என்றும் சொல்லியனுப்பியிருந்தார்.

மாமனுக்கு வேலையைப் பற்றிய கவலையைவிடச் சம்பந்தத்தைப் பற்றிய கவலை பெரிது. பெண் டீச்சராகப் போகிறாள் என்பதற்காகத்தான் மாப்பிள்ளை வீட்டார் அவிநாசியிலிருந்து கிளம்பி வந்ததே. மச்சம் இருந்தால் கல்யாணம் இல்லை. மச்சம் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டாலும் கல்யாணம் இல்லை. இதை மாமன் மூன்று தடவை விரல்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

டாக்டர் தன் பட்டங்கள் எல்லாம் அச்சடித்த தாளில் சர்டிபிகேட் எழுதினார். மானேஜர் அதைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கே எழுதிய கேஸ் கார்டு இருக்குமே, அதைக் காட்டினால் போதும் என்றார். நியாயமான பேச்சுதான். நானே கார்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வரை வாசித்தார். காபி இரண்டு வேளை. எண்ணெய்க் குளியல் வெள்ளி. தாத்தாவுக்கு இளைப்பு இல்லை. கடைசியில் 'இடம்' என்ற கட்டத்துக்கு வந்தார். அங்கே என் கையெழுத்தில் 'முகம்' என்று இருந்தது.

"எந்தக் கன்னம்னு எழுதலீங்களா?"

நான் எழுதவில்லை. கன்னத்தில் தழும்பு புதிதாக இருக்கிறதே என்றேன். சூடு பட்டாலும் தழும்பு வருமே என்றார். அதுவும் நியாயம். காபி குடிப்பதை எழுதியவன் கன்னத்தை எழுதவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பெண்ணின் வேலை என் பேனா நுனியில் இருந்திருக்கிறது. நான் அதைக் கவனிக்கவில்லை.

டாக்டரிடம் வந்து சொன்னேன். மாமனும் அங்கேதான் காத்திருந்தார். இப்போது 'இடது' என்று சேர்த்து எழுதிவிட்டால் என்ன என்று அவர் கேட்டார். மானேஜர் கார்டைப் படித்துவிட்டார் என்றேன். மிச்சம் இருந்தது முழங்கால் தழும்பு. அந்தப் பேச்சை எடுத்ததுமே மாமன் எழுந்துவிட்டார். ஆம்பிளைகள் இருக்கிற ஆபீசில் காலைக் காட்டுவது அவர்கள் வீட்டு வழக்கமில்லையாம். இங்கே டாக்டரிடமும் காட்ட முடியாதாம். அதோடு பேச்சு நின்றது.

4. வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மதியம் மாமனும் அம்மாவும் நாகமணியும் மறுபடி வந்தார்கள். மாமன் முதலிலிருந்து ஆரம்பித்தார். டாக்டர் குச்சியைத் தொடவில்லை. என் பதினெட்டு வருஷத்தில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம் அப்போதுதான் நடந்தது. கிளினிக் ஆயாவை உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டு, மாமனையும் அம்மாவையும் கொஞ்சம் வெளியில் உட்காரச் சொன்னேன். தோட்டத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னதுபோல மாமன் என்னைப் பார்த்தார். ஆனாலும் போனார்.

இப்போது நீங்களே சொல்லுங்கள் அம்மணி என்றேன். அவள் முதலில் வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கே சொல்ல வந்தனுங்க. புஸ்தகத்துல மச்சத்தைய எழுதியிருக்குது, வேலைல சேந்துபோட்டு அப்பறம் பாத்துக்கலாமுன்னு. யாரும் காது குடுக்கலீங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அவள் நிறுத்தவில்லை. ஒரு லேடி டாக்டர் தனியே பார்த்து முழங்கால் தழும்பை எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று, ஆபீசுக்குப் போன முதல் நாளே, மாமன் முன்னால் வெளியே போன நேரத்தில் மானேஜரிடம் அவள் கேட்டிருக்கிறாள். அவரும் தாராளமாக என்று சொல்லியிருக்கிறார். ட்ரெயினிங் ஸ்கூலுக்கு மாதாமாதம் வரும் லேடி டாக்டருக்கு அவளை நன்றாகத் தெரியும். இதை வீட்டில் சொல்வதற்குள், கால் என்ற வார்த்தையைக் கேட்டதும் மாமன் அதட்டிவிட்டார். ஆக, நாங்கள் மூன்று ஆண்கள் ஒரு வாரமாக மண்டையைப் பிய்த்துக்கொண்ட விஷயத்துக்கு, வழி அவளிடம் தயாராக இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஆயாவைத் துணைக்குச் சேர்த்து அந்த லேடி டாக்டரிடம் அனுப்பி வைத்தோம். ஒரு மணி நேரத்தில் காகிதம் வந்தது. சனிக்கிழமை காலை நாகமணி வேலையில் சேர்ந்தாள். அடுத்த மாதம் மாப்பிள்ளையின் அக்கா மறுபடி வந்து பார்த்தாளாம். மச்சம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறதே என்றாளாம். அந்தச் சம்பந்தத்தை வேண்டாமென்று நாகமணியே சொல்லிவிட்டதாகக் கேள்வி. சம்பளக்காரி ஆகிவிட்டதால் மாமனும் காதுகொடுத்துக் கேட்டாராம்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவள் லேடி டாக்டரிடம் கிளம்ப எழுந்தபோது டாக்டர், பெரிய பாரம் இறங்கிய நிம்மதியில், "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். நான் பார்த்து அவர் ஒரு நோயாளியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு அந்த மச்சம் புடிக்குமுங்க" என்றாள். "எடுக்கோணுமான்னு என்னைய யாருமே கேக்கலீங்க."

எடுத்ததைத் திரும்ப வைக்கும் காட்டரி லண்டனிலும் கிடையாது. அவள் கும்பிட்டுவிட்டு வெளியே போன பிறகும் டாக்டர் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மஞ்சள் கார்டுக் கட்டு பழைய பேப்பரோடு போய்விட்டது. அதன் பிறகு கூட வந்தவர்களை முதலில் வெளியில் உட்கார வைத்தோம். உள்ளே இருப்பவரிடம், இதை எடுக்க வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்று கேட்டோம். பல பேர் யோசித்துப் பார்த்து, அப்படியே இருக்கட்டுமுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். முகத்துக்கு வைத்தியம் பார்க்கும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அவ்வளவுதான். முதலில் அதைக் கேளுங்கள். பதில் வரும்வரை பேசாதீர்கள். பிறகு எந்தக் கன்னம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.