குழி என்று எழுதியிருந்த பாட்டில்

இப்போது நான் இருக்கும் லேபில் புதிதாகச் சேர்ந்த பெண்கள், "உங்க அனுபவத்தை எழுதுங்க மேடம், எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சாதித்ததை எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒன்றும் என்னிடம் இல்லை. ஒரு மனிதர் என் கையெழுத்தால் செத்துப்போன கதைதான் இருக்கிறது. அதை எழுதுகிறேன், உபயோகமாக இருந்தால் சரி.

1. ஆலை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த ஆலை. நான் சதுரங்கப்பட்டினத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். ஒன்பது வருடம் அங்கே கெமிஸ்ட்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய ஆலைகள் வேண்டாம் என்று தள்ளிய கசடு எங்களுக்கு வரும். அதில் துத்தநாகமும் ஈயமும் ஆக்சைடாக இருக்கும். தண்ணீரில் கலக்கி நுரை எழுப்பித்தான் உலோகத்தைப் பிரிப்போம்; ஆக்சைடு லேசில் அந்த நுரையில் ஒட்டாது, மண்ணோடு மண்ணாகக் கீழே போய்விடும். சல்பைடு ஒட்டும். அதனால் கசடோடு கந்தகத் தூளும் கரித்தூளும் கலந்து, மூடிய ஃபர்னஸில் நைட்ரஜன் விட்டு எழுநூறு டிகிரியில் வறுப்போம். ஆக்சைடு சல்பைடாக மாறும். ஆறிய பிறகு அரைத்து, தண்ணீரில் கலக்கி, நுரையோடு வழித்து எடுப்போம்.

வறுக்கும்போது வரும் புகையில் அழுகிய முட்டை நாற்றம் உள்ள வாயுவும் இருக்கும். அது விஷம். அதை ஸ்க்ரப்பர் டேங்கில் இருக்கும் காஸ்டிக் கரைசல் வழியாக விடுவோம். காஸ்டிக் அந்த வாயுவை விழுங்கி வைத்துக்கொள்ளும். அதில் ஆசிட் விழுந்தால் விழுங்கியதையெல்லாம் மொத்தமாகக் கக்கிவிடும். எனக்கு இது கல்லூரியிலேயே தெரியும்.

2. இருதயராஜ்

ஃபர்னஸ் ஆபரேட்டர் இருதயராஜ். ஐம்பதைத் தாண்டியவர். பக்கத்துக் கிராமம். அவர் அப்பா காலம் வரை ஊரார் நிலத்தில் கூலி வேலை. குடும்பத்தில் யூனிஃபார்ம் போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. சட்டையை இஸ்திரி போடாமல் வந்து நான் பார்த்ததில்லை.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு விதி. லேபிலிருந்து சீட்டு வராமல் ஒரு வால்வைக்கூடத் தொட மாட்டார். மேனேஜர் வாயால் சொன்னாலும் கேட்க மாட்டார்.

"நீ சொல்ற, நாளிக்கு மறந்துடுவ. மேடம் எழுதிக் குடுக்கட்டும், நான் செய்றேன்" என்பார், மேனேஜரின் முகத்துக்கு நேராகவே. எனக்கு அது பிடிக்கும். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பேன்.

3. குழி

ஷெட்டுக்குப் பின்னால் தரை கழுவிய தண்ணீர் சேரும் பள்ளம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் குழி. சிந்திய காஸ்டிக்கெல்லாம் அதில்தான் சேரும். வாரம் ஒருமுறை அதன் சாம்பிள் என்னிடம் வரும். pH பார்ப்பேன், பன்னிரண்டு பதிமூன்று இருக்கும். 'ஆசிட் விட்டு நியூட்ரல் செய்யவும்' என்று சீட்டு எழுதுவேன். இருதயராஜ் ஆசிட் ஊற்றி ஏழுக்குக் கொண்டுவந்து வெளியே விடுவார். ஒன்பது வருடமாக நடந்த காரியம்.

கடைசி வருடம் மேலே நின்றிருந்த ஸ்க்ரப்பர் டேங்க் ஒழுக ஆரம்பித்தது. புதிய டேங்கைத் தரைக்குள் இறக்கிப் புதைத்து, மேலே ஒரு மூடி மட்டும் தெரிகிற மாதிரி வைத்தார்கள். காகிதத்தில் அது ஸ்க்ரப்பர் டேங்க். ஷெட்டில் இருந்தவர்களுக்குத் தரைக்குள் இருப்பதெல்லாம் குழி. அவர்கள் அதையும் குழி என்று கூப்பிட ஆரம்பித்தது லேபில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை.

அன்று காலை பத்தரை இருக்கும். இருதயராஜ் பாட்டிலோடு வந்தார். பாட்டிலில் 'குழி' என்று ஒட்டியிருந்தது.

"மேடம், குழி ரொம்பிக் கீது. பார்த்துச் சீட்டுக் குடுங்க. வெளிய வுடணும்."

"வச்சிட்டு நில்லுங்கண்ணா, இப்பவே பார்த்துடறேன்."

தண்ணீர் மஞ்சளாக இருந்தது. தரையில் சிந்திய கந்தகத் தூள் என்று நினைத்துக்கொண்டேன். முட்டை நாற்றமும் இருந்தது. அந்த ஆலையில் எதில் இல்லை? மீட்டரை விட்டுப் பார்த்தேன். 12.8. சீட்டு எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூடியைத் திறந்து அவர் ஆசிட் ஊற்றியதைத் தூரத்திலிருந்து பார்த்தது லோடு ஏற்றும் முனுசாமி. முதலில் நாற்றம் தாங்காமல் இருதயராஜ் மூக்கைப் பிடித்தாராம். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டு, "வாடை போச்சுபா, இனிமே பேஜாரு இல்ல" என்று சொல்லி மறுபடி கேனைச் சாய்த்தாராம். அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும். இதுவும் எனக்குத் தெரியும். அவருக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை.

சத்தம் கேட்டு ஓடினேன். புதிய ஸ்க்ரப்பர் டேங்கின் மூடிக்குப் பக்கத்தில் அவர் விழுந்து கிடப்பதைப் பார்த்த உடனே, பாட்டிலில் வந்தது எந்தத் தண்ணீர் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கிட்டே போகவிடாமல் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முகமூடி போட்ட ஆள் வந்து அவரைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

4. விசாரணை

கம்பெனியே ஒரு குழு போட்டது. உள்ளே போகும் முன் மேனேஜர் என்னை ஓரமாக அழைத்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. வளவளன்னு பேசி மாட்டிக்காத."

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். அதில் 'குழி' என்றுதான் இருந்தது. தரைத்தண்ணீர்க் கணக்கு என்று தள்ளி வைத்தார்கள்.

"ஸ்க்ரப்பர் டேங்க்ல ஆசிட் ஊத்தச் சொல்லி நீங்க எழுதிக் கொடுத்தீங்களா?"

"இல்ல சார்."

அவ்வளவுதான். நான் சொன்னது பொய்யில்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் மாற கல்பாக்கத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். 'ஊழியர் தன்னிச்சையாகச் செயல்பட்டதே காரணம்' என்று அறிக்கை எழுதினார்கள். சீட்டு இல்லாமல் ஒரு வால்வைத் தொடாத மனிதரைப் பற்றி இப்படி எழுதினார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம்தான். வேறு காரணம் தேடி எழுதத் தோன்றவில்லை.

5. பிலோமினா அக்கா

நான்கு மாதம் கழித்து இருதயராஜின் மனைவி பிலோமினா அக்கா என் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த துணி மூட்டையை அப்போதுதான் பிரித்தாராம். சட்டைப் பையிலிருந்த சீட்டை நீட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது மேடம். இதுல இன்னா எழுதிக்கீது? குடிச்சிட்டுப் போய் ஊத்திட்டான்னு ஊரே பேசிக்கினு கீது. எம் பொண்ணு கோயிலுக்கே வர மாட்டேங்குது."

படித்துக் காட்டினேன். என் கையெழுத்து என்றேன். பாட்டிலில் இருந்த பெயரைச் சொன்னேன், விசாரணையில் நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அக்கா திட்டவில்லை.

"அப்ப நீ சொன்னதத்தான் அவரு செஞ்சாரு."

"ஆமாக்கா."

"இத அன்னிக்கே சொல்லாம இன்னா பண்ணிக்கினு இருந்த?"

சீட்டை என்னிடமே விட்டுவிட்டு எழுந்தார். அவர் போன பிறகு கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆலையை அதற்குள் மூடியிருந்தார்கள். தபால் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குப் போனேன். பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரத்தில் மாதா கோயில் வாசலில் நின்று, சீட்டைக் காட்டிச் சொன்னேன். அவர் குடிக்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன். மரியாதையாக நின்று கேட்டார்கள். ஒருத்தர் எனக்குத் தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தார். கூட்டம் கலையும்போது அவரே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"பாவம்பா. செத்தவன் பேரு கெடக் கூடாதுன்னு பழிய தன் மேல போட்டுக்குது. நல்ல மனசு அந்த மேடத்துக்கு."

பிலோமினா அக்காவும் அதைக் கேட்டார். என் கையிலிருந்த சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நடந்துவிட்டார்.

பெண்களே, பாட்டிலில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் எழுந்து போய் எங்கே எடுத்தார்கள் என்று பாருங்கள். விசாரணையில் கேட்காததையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் உங்களைத்தான் நல்லவள் என்பார்கள்.