மயில்கழுத்து நிறத்துக்கு ஒரு மனு

போன வாரம் கிருஷ்ணன்கோவிலில் டீ குடிக்க இறங்கினேன். காலேஜ் பையன் ஒருவன் கடை வாசலில் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். போன மாதம்வரை சிவப்பாக இருந்த வண்டியாம், இப்போது பளபளப்பே இல்லாத சாம்பல் நிறம். பெயிண்ட் இல்லை அங்கிள், ஸ்டிக்கர்தான், அலுத்துப்போனால் உரித்துவிடலாம் என்றான். எதற்காக மாற்றினாய் என்று கேட்டேன்.

"சும்மாதான் அங்கிள்."

 எண்பதுகளின் கடைசியில் இந்த ஒரு பதில் எனக்கு வாய்த்திருந்தால் எவ்வளவு அல்லாட்டம் மிச்சமாகியிருக்கும் தெரியுமா?

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் புதுக் குமாஸ்தா. அண்ணனிடம் ஒரு கார் இருந்தது. ஐம்பதுகளில் கப்பலில் வந்த சீமை வண்டி. மலைத்தோட்டத்து டாக்டர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அண்ணன் கேட்டு வாங்கியது. அதன் நிறம்தான் விசேஷம். எங்கள் வீட்டுப் பெண்கள் மயில்கழுத்துக் கலர் என்பார்கள், பட்டுப்புடவைக்குச் சொல்வதுபோல. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் அந்த நிறத்தில் வேறு வண்டியே கிடையாது. இல்லாதப்பட்டவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் அண்ணன் வாடகை வாங்காமல் தானே ஓட்டிப்போய் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இறக்கிவிட்டு வருவார். எத்தனை வீட்டுக்குப் போனார் என்று அவருக்கே நினைவிருக்காது.

எனக்கு லைசென்ஸ் வந்து மூன்று மாதம். ஒரு சாயங்காலம் அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி வண்டியை வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். திரும்பும்போது மம்சாபுரம் விலக்குப் பக்கம் ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். எதிரே பால் கேன்களோடு வந்த சைக்கிளில் மட்கார்டு உரசியது. கண்ணாடியில் பார்த்தேன். தார் ரோட்டில் பால் பரவிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

நான் நிற்கவில்லை. இதை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் இந்த இரண்டு வார்த்தைதான் மிஞ்சுகிறது.

மறுநாள் மில் கேண்டீனிலேயே பேச்சு வந்துவிட்டது. மம்சாபுரத்துப் பால்காரர் முத்தையாவுக்குக் கை முறிந்துவிட்டதாம், இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டதாம். இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மட்கார்டு நசுங்கலுக்கு, மில் கேட்டில் உரசிவிட்டேன் என்று அண்ணனிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். இப்போது ஒரே யோசனைதான் ஓடியது. வண்டியின் நிறத்தை மாற்றிவிட வேண்டும்.

இந்தக் கலரெல்லாம் பழசு, இப்போது எல்லோரும் வெள்ளைதான் அடிக்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். அண்ணன் சிரித்தார்.

"ஏலே, நம்ம வண்டிய ஊர்ல கலர வச்சுத்தானல தெரியும்."

அவர் வெள்ளந்தியாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் பயமே. நாலு நாள் விடாமல் நச்சரித்தேன். கடைசியில், அப்பா இருந்திருந்தால் நான் கேட்டதைச் செய்திருப்பார் என்றும் ஒரு வார்த்தை விட்டேன். அண்ணன் உடனே சாவியை எடுத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு பெயிண்ட் அடிக்கக் கிளம்பிவிட்டார். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காசிம் பாயின் பெயிண்ட் ஷெட். தின்னர் வாடை வாசலிலேயே மூக்கில் ஏறும். பாய் நசுங்கின இடத்தில் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தார். தகரம் தெரிந்ததும் விரலால் தடவிப் பார்த்தார். அண்ணன் தள்ளி நிற்பதைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"கேட்டுல உரசுனா நேர்கோடு விழும் தம்பி. இது சைக்கிள் கைப்பிடி."

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. பிறகு அண்ணனுக்குக் கேட்கும்படி, நிறம் மாற்றுவதானால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும், மனுவில் காரணம் எழுத வேண்டும் என்றார். அண்ணன் ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

"ஒன் ஆசைதான? காரணத்தையும் நீயே எழுது."

என் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும், மில்லில் வேலை கிடைத்ததே அதனால்தான். வண்டி எண் எழுதினேன். இப்போதைய நிறம், மாற்ற விரும்பும் நிறம் எழுதினேன். காரணம் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தேன். பேனா அதற்குமேல் நகரவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தவன், மம்சாபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

முத்தையா வலது கையில் மூங்கில் பத்தை கட்டி, இடது கையால் மாட்டுக்குப் புல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் போய் நின்றேன். அவர்தான் முதலில் பேசினார்.

"வா தம்பி. வண்டிக்கு ஏதும் அடியா?"

என்னைத் தெரியுமா என்று கேட்டேன்.

"ஒன்னைய எங்க பாத்தேன், வண்டியத்தான் பாத்தேன். நீ வாசல்ல வந்து நின்ன நிப்புலயே தெரிஞ்சுபோச்சு. எம் மக அதுலதான் மாப்பிள வீட்டுக்குப் போனா. கேட்டவுகட்ட லாரின்னு சொல்லிட்டேன்." இன்னொரு கை புல்லை அள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னார். "செத்த நேரம் நின்னிருக்கலாம் தம்பி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஷெட்டுக்குத் திரும்பி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அந்தத் தாளைத்தான் மறுபடி நீட்டினார்.

"உள்ளத எழுதுல."

எழுதினேன். ஒரு மனிதரை இடித்துவிட்டு நிற்காமல் வந்தேன், அது தெரியாமலிருக்க. அண்ணன் படித்து, நாலாக மடித்து, ஆர்.சி. புத்தக உறைக்குள் வைத்தார். மனு எந்த ஆபீஸுக்கும் போகவில்லை, நிறமும் மாறவில்லை. தேய்த்த இடத்தில் மட்டும் துரு பிடிக்காமல் ரெட் ஆக்சைடு பூசச் சொன்னார். கல்யாணங்களில் யாராவது அந்தச் சிவப்புத் திட்டை மாலை போட்டு மறைத்தால், அண்ணன் மாலையை நகர்த்தி வைப்பார். முத்தையாவின் கை கூடும்வரை நான்தான் மில்லுக்குப் போகுமுன் அவருடைய பாலைச் சைக்கிளில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்புகளுக்குக் கொண்டுபோனேன். முதல் வாரம் இரண்டு தடவை கேனோடு விழுந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் உதிரிச் சாமான் கிடைக்காமல் வண்டியை விற்றோம். வாங்கியவர் முதல் வாரமே வெள்ளை அடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அப்போதுதான் எனக்கு அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. அது புத்தக உறையோடு போய்விட்டிருந்தது. அவர் படித்தாரோ, கசக்கி எறிந்தாரோ, தெரியாது.

இன்று முத்தையா இல்லை, அண்ணன் இல்லை, அந்த ரோட்டில் கேன் கட்டிய சைக்கிளும் இல்லை. போன வாரம் கிருஷ்ணன்கோவிலில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது, மம்சாபுரம் விலக்கில் வழக்கம்போல வண்டியை நிறுத்தச் சொன்னேன். புது டிரைவர். எதுக்கு சார் என்று கேட்டார்.

சும்மா, செத்த நேரம் நிற்கட்டும் என்றேன்.