பாக்கு வைக்காத வீடு

மதுரைக்கு வந்து ஆறு வருடங்களாகியும் எனக்குப் பழகாத ஒன்று, இவ்வூரார் வீட்டுக்குள் வருகிற விதம். நம் யாழ்ப்பாணத்தில் வேலிக் கதவான படலையருகே நின்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகே உள்ளே அடியெடுத்து வைப்போம். இங்கே சிம்மக்கல்லில், அடுத்த தெருவில் புளி வியாபாரம் செய்யும் சோணைமுத்து நேரே என் அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறப்பார். "என்னண்ணே, இன்னைக்கும் ரசந்தானா? காய்ச்சக்காரன் வீடு மாதிரியில்ல இருக்கு!" முதல் வருடம் இது எனக்கு அச்சமூட்டியது. இரண்டாம் வருடத்திலிருந்து, அவர் வராத நாட்களை நாட்குறிப்பில் எழுதத் தொடங்கினேன்.

அப்படி எழுதி வைத்ததற்குக் காரணம் உண்டு. தாய் இறந்தபின், ஐந்து வயது முதல் பதினான்கு வரை, மிஷன் என்னை நான்கு வீடுகளில் வைத்து வளர்த்தது. எல்லோரும் நல்லவர்கள். பாயும் சோறும் குறைவின்றித் தந்தார்கள். தங்கள் பிள்ளைகளை அடிப்பார்கள். என்னிடம் மெதுவாகப் பேசுவார்கள். வழக்கத்தைவிட மெதுவாகப் பேசிய ஒரு காலையில், என்னை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி வந்து நிற்கும். எவரும் காரணம் சொன்னதில்லை. ஆகவே, ஒருவர் என்னைக் கைவிடப்போகும் அடையாளங்களை முன்னதாகவே கண்டுகொள்ளப் பழகினேன்.

சென்ற தை மாதம் சோணைமுத்துவின் தங்கைக்கு விளாங்குடியில், அவர்களுடைய ஊர் வீட்டில் கல்யாணம். வெற்றிலை பாக்குத் தட்டுடன் அவர் எங்கள் தெருவில் வீடுவீடாக அழைத்து வந்ததை ஜன்னலருகே நின்று பார்த்தேன். பதினொரு வீடுகள். என் இடப்பக்கத்து வீட்டிலிருந்து வெளிவந்தவர், என் வாசலைக் கடந்து வலப்பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார். அதன்பின் எட்டு நாட்கள் அவர் வரவில்லை. "முடிந்தது" என்று எழுதி வைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் பிற்பகல், ஜட்கா வண்டி ஒன்று வாசலில் நின்றது. சோணைமுத்து சட்டையில்லாமல், தோளில் துண்டுடன் உள்ளே வந்தார்.

"ஏண்ணே, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்டுமில்லை."

"அங்க ஆளில்லாம நாய்படாத பாடு படுறோம். நீங்க இங்க பொஸ்தகமா படிக்கிறீக?"

"எனக்குச் சொல்லேல்லையே. சொல்லாமல் எப்பிடி வாறது?"

அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "பாக்கு அசலாளுக்கு வைக்கிறதுண்ணே! எங்கப்பனுக்கு வச்சனா? பொண்டாட்டிக்கு வச்சனா? அம்புட்டுப் படிச்சு என்னத்தக் கிழிச்சீக? கெளம்புங்க!"

தெருவே கேட்டது. நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக ஒருவர் என்னைத் திட்டித் தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். கோபத்துக்குள் ஒரு மனிதன் குடியிருக்கும் அளவுக்கு இடமிருக்கும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. வழியெல்லாம் அறுப்புக்கு நின்ற வயல்களைப் பார்த்தபடி, அந்த வசவுகளையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணத்துடன் நின்று, எங்கள் தெருக்காரர்களை "வாங்க, வாங்க" என்று வரவேற்றவன் நான்.

கடைசிப் பந்தியில் வீட்டாரோடு உட்கார்ந்தேன். சோணைமுத்துவின் தாய் குழம்பு ஊற்றினார். நான்கு வீடுகளிலும் சாப்பாட்டைப் பற்றி ஒரு குறை சொல்லியறியாத நான், "கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டிருக்கலாம்" என்றேன்.

"ஆமா, கப்பலேறி ஒங்க ஊருக்குப் போயி வாங்கியாரேன். பேசாமத் தின்னுய்யா!" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார்.

தின்றேன். நாக்கு கடலுக்கு அப்பால் எதையோ தேடிக்கொண்டிருந்தது. மடித்து உட்கார்ந்த கால்களுக்கோ அங்கிருந்து எழ மனமில்லை.