நடுச் சரணம்

வருஷத்தின் கடைசி வேலை நாளன்று சாயங்காலம், பீச்சிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒருத்தி இன்னொருத்தியைக் கைகாட்டுவாள். கிண்டி தாண்டியதும் கூட்டம் கொஞ்சம் குறைந்து உட்கார இடம் கிடைக்கும். அப்போது ஒவ்வொருத்தியும் அந்த வருஷத்தில் தனக்குப் பிடித்த சினிமாப் பாட்டு எது என்று சொல்ல வேண்டும். சும்மா சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது; நாலு வரியாவது பாடிக் காட்ட வேண்டும். டெலிபோன் ஆபீஸ் லோகநாயகி பாட ஆரம்பித்தால் குழந்தைகள் அழும். அதற்காக அவளை யாரும் விட்டதில்லை.

மெட்டில்டாவை மட்டும் விட்டுவிட்டார்கள். அவள் பாட்டின் பெயரைச் சொல்வாள், ஏன் பிடித்தது என்று சொல்வாள், வாயைத் திறந்து பாடமாட்டாள். "சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறவ நான். எங்க சபைக்காரங்க யாராவது பக்கத்துப் பெட்டியில இருந்தா என்ன ஆகுறது?" என்பாள். ஆனால் பாட்டு விஷயத்தில் அவள் வைத்ததுதான் தீர்ப்பு. பல்லவி நன்றாக இருந்தும் சரணத்தில் சோர்ந்துபோகிற பாட்டை அவள் ஒத்துக்கொள்ளவே மாட்டாள். பக்கத்தில் உட்காருகிற, சானடோரியம் ஸ்டேஷனில் இறங்குகிற சரசு, "இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாக்கூட இவ்வளவு நொட்டை சொல்லமாட்டாடீ" என்று சிரிப்பாள். மெட்டில்டாவும் கூடச் சிரிப்பாள். மாப்பிள்ளை பார்க்கிற வயதெல்லாம் தாண்டிப் போயிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை கறாராகத் தீர்ப்பு சொல்கிறவள் எந்தப் பாட்டையும் ஒரே மூச்சில் முழுசாகக் கேட்டது கிடையாது.

கிழக்குத் தாம்பரத்தில் அவள் வீட்டில் ரேடியோ இருந்தது. அவள் சம்பளத்தில் வாங்கியதுதான். அது அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், வேதாகமத்துக்குக் கீழே இருந்தது. அப்பா வேதசிரோமணி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கம் கைகால் விழுந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாலும் வீட்டுச் சட்டம் மட்டும் நிமிர்ந்தே நின்றது. ரேடியோவில் செய்தி கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை தேவசெய்தி கேட்கலாம். சினிமாப் பாட்டு உலகப் பிரகாரமான காரியம். மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால், "மெட்டில்டா, ஜன்னலைச் சாத்தும்மா" என்பார். வெயில் காலத்தில்கூட ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, பாட்டு ஓயும்வரை வேதாகமத்திலிருந்து சங்கீதம் வாசிப்பார். நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதம் எவ்வளவு நீளம் என்று அந்த வீட்டில் வியர்த்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே மெட்டில்டாவின் பாட்டுக் கச்சேரியெல்லாம் ரயிலில்தான். ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் டீக்கடை, ஒவ்வொரு டீக்கடையிலும் ரேடியோ, எல்லா ரேடியோவிலும் சாயங்காலத்தில் ஒரே நிலையம். மாம்பலத்தில் ஒரு பாட்டு தொடங்கும். ரயில் கிளம்பினால் சக்கரச் சத்தம் அதை விழுங்கிவிடும். சைதாப்பேட்டையில் வண்டி நின்றால் அதே பாட்டின் கடைசி வரி வந்து சேரும். நடுவில் போனது போனதுதான். இன்னொரு நாள், இன்னொரு ஸ்டேஷனில் விட்ட துண்டு கிடைக்கும். இப்படித் துண்டு துண்டாக ஒட்டுப்போட்டு மாசக்கணக்கில் ஒரு பாட்டைச் சேர்ப்பாள். காலையில் அப்பாவுக்குக் கஞ்சி, மாத்திரை, துடைத்துவிடல், பகலெல்லாம் டைப்ரைட்டர், திரும்பி வந்தால் மறுபடி கஞ்சி, மாத்திரை, துடைத்துவிடல். நடுவில் இந்த ஜன்னலோரம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. அதிலும் பாதி நாள் தூங்கிவிடுவாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஒரு பாட்டு வந்தது. படகில் போனவனை நினைத்து ஒருத்தி கரையில் நின்று பாடுகிறது. பெட்டியில் அதற்குப் படகுப் பாட்டு என்றே பெயராகிவிட்டது. மெட்டில்டாவுக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் பாருங்கள், அதன் நடுச் சரணம் மட்டும் அகப்படவேயில்லை. பல்லவி கிடைத்தது, முதல் சரணம் கிடைத்தது, முடிவு கிடைத்தது. நடுவில் வருகிற சரணத்தின்போது ஒன்று ரயில் ஓடும், இல்லையென்றால் எதிர் வண்டி கடக்கும், அதுவும் இல்லையென்றால் எவளாவது சீட்டுக்குச் சண்டை போடுவாள். சரசுவைப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கலாம்தான். கேட்கவில்லை. முழுசாகக் கேட்டதேயில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கம். அந்த ஓட்டையை எத்தனை நாள்தான் வைத்திருப்பது? பாத்திரம் தேய்க்கும்போது வாய்க்குள்ளேயே முனகி முனகி, அங்கே தானாக ஒன்றைப் போட்டு அடைத்துக்கொண்டாள்.

அந்த அக்டோபரில் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. பூசணிக்காய், வாழைத்தார், முட்டைக் கூடை, காலைக் கட்டிய கோழி என்று ஆளாளுக்கு ஏந்திக்கொண்டு வரிசையாகப் பீடத்துக்குப் போவார்கள். காணிக்கை வைத்து முடிகிறவரை ஆர்கன் நிற்கக் கூடாது. அந்த வருஷம் வரிசை வாசல் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. மெட்டில்டா கீர்த்தனையை முடித்தாள், திரும்ப எடுத்தாள், அதையும் முடித்தாள். முந்தின ராத்திரி அப்பாவுக்கு ஜுரம், கண்ணே மூடவில்லை. கோழி கத்துகிறது, குழந்தை கத்துகிறது, வரிசை நகர்கிறது. அவள் கண் மெல்லச் செருகியது. விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

விழித்தபோது விரல்கள் படகுப் பாட்டில் பாதி தூரம் போயிருந்தன.

நிறுத்தினால் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். கர்த்தாவே என்று அப்படியே கீர்த்தனை நடையில் இழுத்து, நடுவில் தன் சரணத்தையும் வாசித்து, முடிவில் ஒரு ஆமெனும் சேர்த்து நிறுத்தினாள். சர்ச்சில் ஊசி விழுந்தால் கேட்கும். போச்சு, இன்றோடு ஆர்கனும் போச்சு, மானமும் போச்சு என்று நினைத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அந்தச் சபையின் அதிசயம். இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன பாட்டு என்று நன்றாகவே தெரியும். ஆனால் இது சினிமாப் பாட்டு என்று எழுந்து சொல்ல வேண்டுமானால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டுமே! காரியதரிசி ஜெபராஜ் கூரையைப் பார்த்தார். அவர் மனைவி ஞானஜோதி பூசணிக்காயைப் பார்த்தாள். வெளியே வந்தபோது அவளே மெட்டில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப உருக்கமா இருந்துச்சு அக்கா. பழைய கீர்த்தனையா?" என்று கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு கேட்டாள். ஜெபசீலன் ஐயர் ஒரு படி மேலே போய், "அதை நற்கருணை ஆராதனையிலயும் வாசிங்கம்மா" என்று சொல்லிவிட்டார். சபையை மேய்க்கிறவர், அவருக்கு மெய்யாகவே தெரியாது போலிருக்கிறது. அல்லது ரொம்ப நன்றாகத் தெரியுமோ என்னவோ.

அப்பாவையும் அன்று ரிக்‌ஷாவில் அழைத்து வந்து முன்வரிசையில் சாய்வாக உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து படுக்க வைக்கும்போது, "கடைசியா வாசிச்சியே, அது புதுசா?" என்று கேட்டார்.

"பழைய ராகந்தான் அப்பா" என்றாள் மெட்டில்டா. போர்வையை இழுத்துவிடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் நல்ல கையால் தலையணையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

பாவாடை கட்டிய வயதிலிருந்து அவள் ஆர்கன் வாசிக்கிறாள். தாளம் தப்பினது, சுருதி குறைந்தது என்றுதான் அவர் வாயிலிருந்து வந்திருக்கிறதே தவிர, நல்லா இருந்தது என்று ஒரு நாள் வந்ததில்லை. வந்தது வந்தது, ஒரு பொய்க்குத்தானா வர வேண்டும்? அடுப்படியில் போய் நின்று அழுதாள். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் அந்த ஒரு வார்த்தையையும் அவர் திரும்ப வாங்கிக்கொள்வார். அதை இழக்க அவளுக்கு மனசு வரவில்லை.

சொல்லாமலே ஒரு வருஷம் ஓடியது. அடுத்த மழைக்காலத்தில் அவர் ரொம்பவும் தளர்ந்துபோனார். ஒரு நாள் காலை கஞ்சி ஊட்டும்போது அவள் கையை விலக்கச் சொல்லி, "என் அடக்கத்துக்கு அந்த ராகத்தை வாசி மெட்டில்டா. வேற எதுவும் வேண்டாம்" என்றார். "அப்பா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள். "வண்டிக்கு நேரமாச்சு, கிளம்பு" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். நவம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் வாசித்தாள். வாழ்நாளெல்லாம் சினிமாவுக்கு ஜன்னலைச் சாத்திய மனிதரைச் சினிமாப் பாட்டோடு அனுப்பி வைத்தோமே என்ற பாரம், பெட்டியைக் குழியில் இறக்கிய பிறகும் அவளை விட்டு இறங்கவில்லை.

துக்கம் முடிந்த ஒரு சனிக்கிழமை, பகலில் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த முனியம்மா கட்டிலைக் கழுவிக் காயப்போட வந்தாள். கழுவிவிட்டு ஈரக் கையோடு ரேடியோவைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, வூடே வெறிச்சுன்னு கீது. பாட்டு வைக்கலியா? ஐயா இருந்தப்போ இந்நேரத்துக்கு வச்சிக்கினு குந்திகினு இருப்பாரே" என்றாள்.

"என்ன பாட்டு?"

"இன்னா பாட்டுன்னா? சினிமாப் பாட்டுதான். நீ வேலைக்குப் போனதுக்கப்புறம், தெனம் மத்தியானம். சிலோனு போடு, அது போடு, இது போடுன்னு என்னிய ஒரே பேஜாரு பண்ணுவாரே." மெட்டில்டாவின் முகத்தைப் பார்த்ததும் முனியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உனுக்குத் தெரியாதா? அடி ஆத்தே! 'அவ ரொம்பப் பக்தியான பொண்ணு முனியம்மா, அப்பன் இத்தக் கேக்குறான்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிபூடும், வாயத் தொறக்காத'ன்னு சொல்லியிருந்தாரு. இப்பதான் போய்ச் சேந்துட்டாரே, இனிமே இன்னா?"

மெட்டில்டா காலியான கட்டில் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் படகுப் பாட்டு வந்துச்சின்னா சத்தத்த ஜாஸ்தி வெக்கச் சொல்லுவாரு" என்று முனியம்மா தொடர்ந்தாள். "'இத்த எம் பொண்ணு கோயில்ல வாசிச்சா'ன்னு ஒரே சிரிப்பு. நடுவுல ஒண்ணு வரும் பாரு..." கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே, கரகரத்த குரலில், மெட்டில்டா அத்தனை நாளும் தேடிய நடுச் சரணத்தைச் சாவகாசமாகப் பாடினாள். மெட்டில்டா போட்ட மெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமேயில்லை. "இது வர்றப்போ மட்டும் ஐயா மூஞ்ச சுளிப்பாரு. 'இங்க எம் பொண்ணு வேற மாரி வாசிச்சா, அதான் சரி, மெட்டுப் போட்டவனுக்குத் தெரியல'ம்பாரு."

மெட்டில்டாவுக்கு முதலில் வந்தது அழுகையல்ல, ஆத்திரம். நான் அங்கே ஓடுகிற ரயிலில் காதை வெளியே நீட்டிக்கொண்டு துண்டு பொறுக்குகிறேன், இவர் இங்கே தலையணையில் சாய்ந்துகொண்டு முழுசாகக் கேட்டாராமே! என்னிடம் சொல்ல மாட்டாராம், எனக்கு மனசு உடையுமாம்! ஒரே ஒரு நாள், ஒரு சனிக்கிழமை மத்தியானம், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் வானம் இடிந்தா விழுந்திருக்கும்? அப்புறம், கஞ்சி ஊட்டிய அந்தக் காலையில் அவள் சொல்ல வந்தது என்னவென்று தெரிந்துகொண்டுதான் அவர் கண்ணை மூடிக்கொண்டார் என்பது புரிந்தது. ஆத்திரப்படக்கூடத் தெம்பில்லாமல் போயிற்று. "போயிட்டு வா முனியம்மா" என்றாள்.

அந்த வருஷத்தின் கடைசி வேலை நாளன்று ரயிலில் வழக்கம்போல ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். லோகநாயகி பாடி முடித்துப் பெட்டியே காதைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மெட்டில்டாவை யாரும் கேட்கவில்லை. துக்க வீட்டுக்காரி என்று விட்டுவிட்டார்கள். குரோம்பேட்டை தாண்டியபோது அவளே, "என் பாட்டு படகுப் பாட்டுதான்" என்றாள்.

"அது போன வருஷத்துது ஆச்சே" என்றாள் சரசு.

மெட்டில்டா முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் எப்படியிருக்கும் என்று அங்கே ஒருத்திக்கும் தெரியாது. மெலிந்த, களைத்த குரல். சக்கரச் சத்தத்துக்கு மேலே அதை உயர்த்த அவள் சிரமப்படவில்லை. கேட்கிறவர்கள்தான் குனிந்து கேட்டார்கள். பல்லவி, முதல் சரணம், அப்புறம் நடுச் சரணம்.

சரசு அவள் முழங்காலில் தட்டினாள். "ஏய், நடுவுல தப்பா பாடுற மெட்டில்டா. அப்படி வராது."

"எங்க வீட்டுல அப்படித்தான் வரும் சரசு" என்றாள் மெட்டில்டா.

சானடோரியம் ஸ்டேஷன் வந்துவிட்டது. சரசு இறங்கவில்லை. பாட்டு முடியட்டும் என்று தாம்பரம் வரைக்கும் கூட வந்தாள்.